முதல் செமஸ்டர் வேதியியலில் தொலைந்துபோகும் டாக்டர்கள்

1978-ல் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் முதலாண்டு சேர்ந்த கறுப்பின ஆண்கள் 542 பேர். 2014-ல் சேர்ந்தவர்கள் 515 பேர். இடையில் 36 ஆண்டுகள் ஓடியிருக்கின்றன. நாட்டின் மக்கள்தொகை கோடிக்கணக்கில் கூடியது, புதிய மருத்துவக் கல்லூரிகள் வந்தன, பட்டம் வாங்கும் கறுப்பின இளைஞர்களும் அதிகமானார்கள். இந்த ஒரு எண் மட்டும் ஏறவில்லை, இறங்கியது. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் 2015-ல் வெளியிட்ட அறிக்கையில் இருக்கும் கணக்கு இது.

அதே அறிக்கையில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. 1978-ல் விண்ணப்பித்த கறுப்பின ஆண்கள் 1,410 பேர், 2014-ல் 1,337 பேர். அதாவது, வாசல்வரை வந்து திருப்பி அனுப்பப்பட்டவர்களைப் பற்றி மட்டும் பேசினால் பாதிக் கதைதான் பேசியிருப்போம். வாசலுக்கே வந்து சேராதவர்கள்தான் மீதிக் கதை. கறுப்பினப் பெண்கள் விஷயத்தில் அந்தக் காலகட்டத்தில் நல்ல முன்னேற்றம் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் மொத்தமாகப் பார்த்தால், மக்கள்தொகையில் சுமார் 13 சதவீதம் இருக்கும் கறுப்பினத்தவர் டாக்டர்களில் 6 சதவீதத்தை எட்டவில்லை. லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் மக்கள்தொகையில் ஏறக்குறைய 19 சதவீதம், டாக்டர்களில் சுமார் 7 சதவீதம். பூர்வகுடி மக்களின் பங்கு இன்னும் மெலிந்தது.

டாக்டர் எந்த இனமாக இருந்தால் என்ன, மருந்து ஒன்றுதானே என்று கேட்பவர்கள் உண்டு. கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து நகரில் மார்செல்லா அல்சான், ஓவன் கேரிக், கிராண்ட் கிராசியானி ஆகிய மூவர் நடத்திய ஆய்வு இந்தக் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்கிறது. முடிதிருத்தும் கடைகளிலும் சந்தைகளிலும் சுமார் 1,300 கறுப்பின ஆண்களைச் சந்தித்து, இலவசப் பரிசோதனைக்கு வரச் சொன்னார்கள். வந்தவர்களில் யாருக்கு எந்த டாக்டர் என்பது குலுக்கல் முறையில் முடிவானது. டாக்டரின் படத்தை மட்டும் பார்த்தபோது, பரிசோதனைக்குச் சம்மதிப்பதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நேரில் உட்கார்ந்து பேசிய பிறகுதான் வித்தியாசம் வந்தது. கறுப்பின டாக்டரிடம் பேசியவர்கள் சர்க்கரை, கொழுப்புப் பரிசோதனைகளுக்கு, அதுவும் விரலில் குத்தி ரத்தம் எடுக்க வேண்டிய சோதனைகளுக்கு, கூடுதலாகச் சம்மதித்தார்கள். இதய நோயால் இறப்பதில் கறுப்பின ஆண்களுக்கும் வெள்ளை ஆண்களுக்கும் இடையே இருக்கும் இடைவெளியில் 19 சதவீதத்தை இதனால் குறைக்க முடியும் என்று அவர்கள் கணித்தார்கள். ஆக, இந்தக் கணக்கில் இருப்பவை உயிர்கள்.

டாக்டர் ஆகும் வழி

நம்மூரில் பிளஸ் டூ முடித்த கையோடு எம்பிபிஎஸ். அமெரிக்காவில் அப்படி இல்லை. முதலில் நான்கு ஆண்டு இளநிலைப் பட்டம், அதற்குப் பிறகு நான்கு ஆண்டு மருத்துவக் கல்லூரி, அப்புறம் குறைந்தது மூன்று ஆண்டு ‘ரெசிடென்சி’ என்னும் மருத்துவமனைப் பயிற்சி. இளநிலைப் படிப்பின்போது மருத்துவத்துக்குத் தயாராகும் மாணவரை ‘பிரீமெட்’ என்கிறார்கள். பெரும்பாலான கல்லூரிகளில் பிரீமெட் என்று தனிப் பட்டம் கிடையாது. வரலாறோ இசையோ முதன்மைப் பாடமாக எடுத்துக்கூடப் படிக்கலாம். ஆனால் உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல் ஆகிய பாடங்களை ஆய்வகத்தோடு முடித்திருக்க வேண்டும். பல இடங்களில் உயிர்வேதியியலும் கணிதமும் கேட்கிறார்கள்.

அதன்பின் மருத்துவச் சேர்க்கைக்கான எம்கேட் தேர்வு. 472-லிருந்து 528 வரை மதிப்பெண், தேர்வு மையத்தில் ஏறக்குறைய ஏழரை மணி நேரம். இந்தத் தேர்வும் ஜிபிஏ என்னும் மதிப்பெண் சராசரியும் மட்டும் போதாது. டாக்டர் ஒருவரின் பின்னாலேயே நடந்து அவர் வேலை செய்வதைப் பார்த்திருக்க வேண்டும், இதற்கு ‘ஷேடோயிங்’ என்று பெயர். மருத்துவமனையில் தொண்டு, ஆய்வகத்தில் ஆராய்ச்சி, பேராசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்கள், தன்னைப் பற்றிய கட்டுரை என்று பட்டியல் நீளும். பொது விண்ணப்பம் போட்ட பிறகு ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியாகக் கேள்வி அனுப்பும், தனித்தனியாகக் கட்டணம் கேட்கும். ஒரு மாணவர் சராசரியாக 15 கல்லூரிகளுக்கு மேல் விண்ணப்பிப்பதால், வெறும் விண்ணப்பச் செலவே ஆயிரக்கணக்கான டாலர் ஆகிவிடுகிறது. கோடைத் தொடக்கத்திலேயே விண்ணப்பத்தை அனுப்புபவருக்கு வாய்ப்பு அதிகம், ஏனென்றால் விண்ணப்பங்கள் வந்து சேரும் வரிசையிலேயே நேர்காணலுக்கு அழைத்து இடங்களை நிரப்பிக்கொண்டே போவார்கள். இந்தச் சின்ன விஷயம் தெரியாமல் கடைசித் தேதிவரை காத்திருந்து கோட்டைவிடும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஓர் ஆண்டில் சுமார் 52 ஆயிரம் பேர் விண்ணப்பிக்கிறார்கள், 23 ஆயிரம் பேருக்கு இடம் கிடைக்கிறது. அந்த 23 ஆயிரம் பேரில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர், நாட்டின் குடும்பங்களை வருமானப்படி ஐந்து அடுக்காகப் பிரித்தால், மேல் இரண்டு அடுக்குகளிலிருந்து வருகிறார்கள். கடைசி அடுக்கிலிருந்து வருபவர்கள் சுமார் 5 சதவீதம்தான்.

இந்த நிலை தானாக வந்ததல்ல. 1837-ல் மருத்துவப் பட்டம் வாங்கிய ஜேம்ஸ் மெக்யூன் ஸ்மித் என்ற கறுப்பின இளைஞர் அதற்காக ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ வரை கப்பலேற வேண்டியிருந்தது, சொந்த நாட்டுக் கல்லூரிகள் அவரைச் சேர்க்கவில்லை. அடிமை முறை ஒழிந்த பிறகு கறுப்பினத்தவருக்கென மருத்துவக் கல்லூரிகள் தொடங்கப்பட்டன. 1910-ல் ஆபிரகாம் ஃப்ளெக்ஸ்னர் 155 மருத்துவக் கல்லூரிகளைப் பார்வையிட்டு எழுதிய அறிக்கை, அமெரிக்க மருத்துவக் கல்வியின் தரத்தை உயர்த்தியது என்று பாராட்டப்படுகிறது. அப்போது இருந்த ஏழு கறுப்பின மருத்துவக் கல்லூரிகளில் ஐந்து அடுத்த சில ஆண்டுகளில் மூடப்பட்டன. வாஷிங்டனின் ஹோவர்டும் நாஷ்வில்லின் மெஹாரியும் மட்டும் மிஞ்சின. அந்த ஐந்தும் தொடர்ந்து இயங்கியிருந்தால் 2019-க்குள் 35 ஆயிரத்துக்கும் மேற்பட்ட டாக்டர்கள் கூடுதலாக வந்திருப்பார்கள் என்று 2020-ல் வந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அந்த டாக்டர்களின் பிள்ளைகள், பேரப் பிள்ளைகள், அவர்களைப் பார்த்து டாக்டராக ஆசைப்பட்டிருக்கக்கூடிய தெருப் பிள்ளைகள் யாரும் அந்தக் கணக்கில் இல்லை.

ஐந்தாவது வாரம்

சரி, சட்டத் தடைகள் போய்விட்டன, கல்லூரிக் கதவும் திறந்துவிட்டது. பிறகும் பிள்ளைகள் எங்கே தொலைகிறார்கள்?

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பார் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் இதைத் தேடிப் பார்த்தார்கள். முதலாண்டில் நுழையும்போது டாக்டராக வேண்டும் என்று சொன்ன மாணவர்களைத் தொடர்ந்து கவனித்ததில், கறுப்பின, லத்தீன், பூர்வகுடி மாணவர்களின் ஆர்வமும் பெண்களின் ஆர்வமும் மற்றவர்களைவிட வேகமாக வடிவது தெரிந்தது. காரணம் கேட்டபோது திரும்பத் திரும்ப வந்த பதில், வேதியியல் வகுப்பு. 2008-ல் வெளியான ஆய்வு இது. ஸ்டான்ஃபோர்டில் இடம் வாங்கிய பிள்ளைகளின் அறிவைப் பற்றி யாரும் சந்தேகப்பட முடியாது. அங்கேயே இந்த நிலை.

அந்த வகுப்பு எப்படி நடக்கிறது என்று பார்த்தால் காரணம் விளங்கும். பெரிய பல்கலைக்கழகங்களில் பொது வேதியியல் என்றால் முந்நூறு பேர் உட்காரும் அரங்கம். பணக்காரப் புறநகர்ப் பள்ளியில் படித்து வந்தவர் அதே பாடத்தை ஏபி வேதியியல் என்ற பெயரில் பள்ளியிலேயே ஒருமுறை படித்து முடித்திருப்பார். அவருக்கு இது மறுபார்வை. ஏபி வகுப்பே இல்லாத பள்ளியிலிருந்து வந்தவருக்கு இது முதல் பார்வை. இருவருக்கும் ஒரே வேகம், ஒரே தேர்வு, பல இடங்களில் ஒருவரோடு ஒருவரை ஒப்பிட்டுப் போடும் மதிப்பெண். ஐந்தாவது வாரத்தில் முதல் இடைத்தேர்வு. பள்ளியில் எப்போதும் முதல் ரேங்க் வாங்கிய பிள்ளையின் கையில் வாழ்க்கையில் முதன்முறையாக 48 மார்க் விடைத்தாள். ‘எனக்கு இது வராது போலிருக்கிறது’ என்று அந்தப் பிள்ளை முடிவு கட்டுவது அன்று இரவுதான்.

இந்தப் பாடங்களை மாணவர்களே ‘களையெடுக்கும் பாடங்கள்’ என்கிறார்கள். சில பேராசிரியர்கள் முதல் நாளே சொல்லிவிடுவதும் உண்டு: இடப்பக்கம் பார், வலப்பக்கம் பார், மூவரில் ஒருவர்தான் மிஞ்சுவீர்கள் என்று. நெல் விளையும் ஊரில் பிறந்தவர்களுக்குத் தெரியும், நாற்றுப் பருவத்தில் நெல்லையும் புல்லையும் பிரித்தறிவது எவ்வளவு கடினம் என்று. அவசரப்பட்டுப் பிடுங்கினால் கையோடு நெல்லும் வரும். பதினெட்டு வயதில், ஐந்தாவது வாரத்தில், ஒரே ஒரு தேர்வை வைத்து யார் நல்ல டாக்டராவார் என்று எப்படித் தெரியும்?

அந்த ஒரு செமஸ்டரின் மதிப்பெண் அப்புறம் அழிவதும் இல்லை. மருத்துவக் கல்லூரிகளின் பொது விண்ணப்பத் தளம் மாணவர் எழுதிய ஒவ்வொரு பாடத்தின் மதிப்பெண்ணையும் சேர்த்தே சராசரி போடுகிறது. திரும்பப் படித்து உயர்ந்த மதிப்பெண் வாங்கினாலும் பழையதும் கணக்கில் நிற்கும். அறிவியல் பாடங்களுக்குத் தனிச் சராசரி வேறு. முதல் செமஸ்டரில் சறுக்கியவர் மூன்றாம் ஆண்டு முழுக்க ஏறினாலும் அந்தக் குழி தெரிந்துகொண்டே இருக்கும்.

இங்கே கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் யூரி டிரைஸ்மன் என்ற கணித ஆசிரியர் 1970-களில் செய்த வேலையைச் சொல்லாமல் போக முடியாது. கால்குலஸ் வகுப்பில் கறுப்பின மாணவர்கள் பெருமளவில் தோற்றுக்கொண்டிருந்தார்கள். சக ஆசிரியர்களிடம் காரணம் கேட்டார். ஊக்கம் இல்லை, அடிப்படை போதாது, வீட்டில் ஆதரவு இல்லை, வறுமை என்று நான்கு பதில்கள் வந்தன. நான்கையும் சோதித்தார், ஒன்றும் நிற்கவில்லை. பிறகு 20 கறுப்பின மாணவர்களையும் 20 சீன வம்சாவளி மாணவர்களையும் எடுத்துக்கொண்டு, அவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று கூடவே இருந்து பார்த்தார். கறுப்பின மாணவர்கள் சொன்ன சொல் தவறாமல் வாரம் எட்டு மணி நேரம் படித்தார்கள். தனியாகப் படித்தார்கள். சீன மாணவர்கள் அதே அளவு தனியாகப் படித்துவிட்டு, இரவில் ஒன்றுகூடி ஒருவர் விடையை ஒருவர் திருத்தினார்கள், மொத்தம் வாரம் 14 மணி நேரம் வந்தது. எந்தக் கணக்கு எல்லோருக்கும் கடினம், எது தனக்கு மட்டும் கடினம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தனியாகப் படித்தவருக்கு அது தெரிய வழியே இல்லை. எல்லோரும் திணறும் கணக்கில் தானும் திணறும்போது, தன்னிடம்தான் குறை என்று நினைத்துக்கொண்டார்.

டிரைஸ்மன் செய்த மாற்றம் எளிமையானது. பின்தங்கியவர்களுக்கான சிறப்பு வகுப்பு என்று பெயர் வைக்காமல், கூடுதல் கடினமான கணக்குகளைக் கொடுத்துக் குழுவாக உட்காரவைத்தார். அங்கே பயின்ற கறுப்பின, லத்தீன் மாணவர்கள் வகுப்பின் மற்ற எல்லோரையும்விட மேலே வந்தார்கள். கடினமான வேலையைக் கொடுத்தால் பிள்ளைகள் தாங்குவார்கள், நீ பலவீனமானவன் என்று சொல்லிக் கொடுக்கும் எளிய வேலையைத்தான் அவர்களால் தாங்க முடிவதில்லை என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

நியூ ஆர்லியன்ஸில் ஒரு சின்னக் கல்லூரி

இந்தப் பாடத்தை ஒரு கல்லூரி முழுக்கச் செயல்படுத்திய இடம் லூசியானா மாநிலத்தின் சேவியர் பல்கலைக்கழகம். கத்தோலிக்கத் துறவி காத்தரின் டிரெக்செல் 1915-ல் பள்ளியாகத் தொடங்கிய இது 1925-ல் கல்லூரியானது. கறுப்பினத்தவருக்கென வரலாற்றில் உருவான கல்லூரிகளில் கத்தோலிக்கக் கல்லூரி இது ஒன்றுதான். மாணவர்கள் சுமார் மூவாயிரம் பேர். ஹார்வர்டைப் போலப் பெரும் சொத்து கிடையாது, மாணவர்களில் பலர் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள். ஆனால் மருத்துவக் கல்லூரிக்குப் போய்ப் படிப்பை முடிக்கும் கறுப்பின மாணவர்களை நாட்டிலேயே அதிகமாக அனுப்பும் இளநிலைக் கல்லூரி என்று பல ஆண்டுகளாகப் பெயர் பெற்றிருக்கிறது.

1968-லிருந்து 2015 வரை, 47 ஆண்டுகள், நார்மன் பிரான்சிஸ் அதன் தலைவராக இருந்தார். ஜே. டபிள்யூ. கார்மைக்கேல் என்ற வேதியியல் பேராசிரியர் பிரீமெட் ஆலோசகர் பொறுப்பை எடுத்துக்கொண்டார். அவரும் சக ஆசிரியர்களும் தங்களிடமே கேட்டுக்கொண்ட கேள்விதான் எல்லாவற்றையும் மாற்றியது என்று நினைக்கிறேன். பிள்ளைகள் ஏன் தோற்கிறார்கள் என்று கேட்டு நிற்காமல், நம் வகுப்பில் எந்த இடத்தில் தோற்கிறார்கள் என்று கேட்டார்கள்.

பொது வேதியியலை எந்த ஆசிரியர் எடுத்தாலும் ஒரே பாடத்திட்டம், ஒரே பயிற்சி நூல் என்று ஆக்கினார்கள். அந்தப் பயிற்சி நூலை அவர்களே எளிய மொழியில் எழுதினார்கள். அடிக்கடி சிறு தேர்வுகள் வைத்தார்கள், ஒருவர் வழுக்கினால் ஐந்தாவது வாரம்வரை காத்திருக்காமல் உடனே தெரிந்துவிடும். தெரிந்ததும் ஆலோசகர் அலுவலகத்திலிருந்து ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் தனிப்பயிற்சி மையம், அங்கே சொல்லிக்கொடுப்பவர்கள் மேல் வகுப்பு மாணவர்கள். போன வருடம் இதே கணக்கில் முட்டிக்கொண்டு நின்ற அண்ணனோ அக்காவோ பக்கத்தில் உட்கார்ந்து சொல்லும்போது பயம் பாதி போய்விடும். சேர்ந்து படி என்பதை அறிவுரையாகச் சொல்லிவிட்டுப் போகவில்லை, கிட்டத்தட்டக் கட்டாயமாகவே ஆக்கினார்கள்.

கல்லூரி தொடங்கும் முன் வரும் கோடையில் ‘சோர்’ என்ற முகாமை 1977-ல் ஆரம்பித்தார்கள். அதன் மையம், காரணம் காட்டிச் சிந்திக்கும் பயிற்சி. இரண்டு இரண்டு பேராக உட்காருவார்கள். ஒருவர் கணக்கைப் போட்டபடியே மனதில் ஓடும் ஒவ்வொரு அடியையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், மற்றவர் கேட்டுக்கொண்டே, எங்கே தாவுகிறார், எங்கே ஊகிக்கிறார் என்று மடக்க வேண்டும். பிறகு இடம் மாறுவார்கள். கூடவே சொல்வளப் பயிற்சியும் வாசிப்புப் பயிற்சியும் நடக்கும், எம்கேட் தேர்வில் நீண்ட பத்திகளைப் படித்துப் புரிந்துகொள்ளும் பகுதிதான் பலரைக் கவிழ்க்கும் என்பதால். வாய்விட்டுச் சொல்லிப் படிப்பது நம் திண்ணைப் பள்ளிகளுக்குப் புதிதல்ல. ஆனால் அங்கே மனப்பாடத்தை ஒப்பித்தார்கள், இங்கே யோசனையை ஒப்பிக்கிறார்கள்.

மீதி எல்லாம் நச்சரிப்பு. விண்ணப்பத்தை எப்போது அனுப்ப வேண்டும், யாரிடம் கடிதம் கேட்க வேண்டும், கட்டுரையில் எதை எழுத வேண்டும் என்று முதலாண்டிலிருந்தே அந்த அலுவலகம் பின்னாலேயே வரும். வீட்டில் ஒரு டாக்டர் அம்மா இருந்தால் செய்யக்கூடிய வேலையைக் கல்லூரி செய்கிறது.

2005 ஆகஸ்டில் கத்ரீனா புயலில் அந்த வளாகம் நீரில் மூழ்கியது. 2006 ஜனவரியில் மீண்டும் வகுப்புகள் தொடங்கின. இப்போது ஆக்ஸ்னர் என்ற மருத்துவமனைக் குழுமத்தோடு சேர்ந்து சொந்தமாக மருத்துவக் கல்லூரி தொடங்கும் திட்டத்தை அறிவித்திருக்கிறார்கள். ஃப்ளெக்ஸ்னர் அறிக்கைக்குப் பிறகு மூடப்பட்ட ஐந்து கல்லூரிகளில் ஒன்றான ஃப்ளின்ட் மருத்துவக் கல்லூரி இருந்ததும் இதே நகரத்தில்தான்.

வீட்டிலிருந்து வரும் பாடம்

தயாரிப்பு என்றதும் பாடம், தேர்வு என்றே நினைக்கிறோம். அதில் அடங்காத ஒன்று இருக்கிறது. அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்களை வைத்து இதைச் சொன்னால் நமக்கு எளிதாகப் புரியும். நியூஜெர்சியிலோ டெக்சாஸிலோ வளரும் ஒரு தமிழ்ப் பிள்ளை டாக்டராக வேண்டும் என்று சொன்ன மறுவாரமே, தெரிந்த டாக்டர் மாமா ஒருவருக்கு அப்பா போன் போட்டுவிடுவார். ஷேடோயிங் முடிந்தது. போன வருடம் இடம் கிடைத்த குடும்ப நண்பரின் மகள் தன் விண்ணப்பக் கட்டுரையைக் காட்டுவாள். எம்கேட் வகுப்புக்குப் பணம் இருக்கும். கோடையில் சம்பளமில்லாமல் ஆய்வகத்தில் வேலை பார்க்கலாம், வீட்டுச் செலவு அந்தப் பிள்ளையை நம்பி இல்லை. ஆசிய வம்சாவளியினர் அங்கே மருத்துவத்தில் குறைவாக இருக்கும் பிரிவினர் அல்ல, மக்கள்தொகைப் பங்கைவிட அதிகமாகவே இருக்கிறார்கள். நம் பிள்ளைகள் உழைக்காமல் வாங்கினார்கள் என்று சொல்லவரவில்லை. அந்த உழைப்பு வீணாகாமல் தாங்கிப் பிடிக்கும் கைகள் சுற்றிலும் இருந்தன என்று சொல்கிறேன்.

குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த மாணவி, வாரம் இருபது மணி நேரம் கடையில் வேலை பார்த்துப் பணம் அனுப்புபவள், இந்தக் கைகளை எங்கே போய்த் தேடுவாள்? அவளுடைய சுற்றத்தில் டாக்டரே இல்லை. யாரிடமாவது கேட்கலாம் என்பதுகூட அவளுக்குத் தோன்றாது.

ராபர்ட் வுட் ஜான்சன் அறக்கட்டளை 1980-களின் இறுதியில் தொடங்கி, பெயர் மாறி மாறி நடந்துவந்த ஆறு வாரக் கோடை முகாம் இந்த இடைவெளிக்காகத்தான். மாணவருக்கு இலவசம். 1998-ல் வந்த மதிப்பீட்டில், முகாமுக்குப் போன சிறுபான்மை விண்ணப்பதாரர்களில் 49.3 சதவீதம் பேருக்கு மருத்துவ இடம் கிடைத்தது, போகாதவர்களில் 41.6 சதவீதம் பேருக்கு. ஆறே வாரத்துக்கு இது நல்ல பலன்தான். டெக்சாஸ் மாநிலம் 2001-ல் சட்டமே போட்டு ஒரு திட்டம் கொண்டுவந்தது. பொருளாதாரத்தில் பின்தங்கிய இளநிலை மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, உதவித்தொகையும் கோடைப் பயிற்சியும் கொடுத்து, தகுதியைக் காப்பாற்றினால் மாநில மருத்துவக் கல்லூரி ஒன்றில் இடம் உறுதி என்றது. இடம் உறுதி என்று தெரிந்த பிள்ளை படிக்கும் விதமே வேறாக இருக்கும்.

என்னை அதிகம் பாதித்தது இன்னொரு ஆய்வு. ஒருமுறை விண்ணப்பித்து இடம் கிடைக்காத, பின்தங்கிய பின்னணியுள்ள பட்டதாரிகளுக்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரிகள் ஓராண்டுப் பயிற்சி நடத்தின. பாடம், எம்கேட், விண்ணப்பம் மூன்றிலும் உதவி. கெவின் கிரம்பாக், எரிக் சென் இருவரும் 2006-ல் வெளியிட்ட முடிவின்படி, பயிற்சி பெற்றவர்களில் 67.6 சதவீதம் பேர் பின்னர் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்துவிட்டார்கள். ஏறக்குறைய அதே நிலையில் இருந்து பயிற்சி பெறாதவர்களில் 22.5 சதவீதம். முதல்முறை ‘தகுதி இல்லை’ என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் இவர்கள். ஒரு வருடத்தில் அவர்களுடைய மூளை மாறிவிடவில்லை. பக்கத்தில் ஆள் இருந்தது, அவ்வளவுதான்.

2023-க்குப் பிறகு

இந்த விவாதத்தில் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் கிளைக்குத் தனி இடம் உண்டு. அதன் மருத்துவக் கல்லூரி 100 இடங்களில் 16 இடங்களைச் சிறுபான்மை இனத்தவருக்குத் தனியாக ஒதுக்கியிருந்தது. இடம் கிடைக்காத ஆலன் பாக்கி என்ற வெள்ளை இனத்தவர் வழக்குப் போட்டார். 1978-ல் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீட்டை ரத்து செய்தது, ஆனால் இனத்தைப் பல அம்சங்களில் ஒன்றாகக் கருதலாம் என்று விட்டுவைத்தது. 1996-ல் கலிஃபோர்னிய வாக்காளர்கள் தங்கள் மாநிலத்தில் அதையும் நிறுத்தினார்கள். 2023 ஜூன் 29-ல் ஹார்வர்டு வழக்குத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் நிறுத்தியது. அடுத்த ஆண்டு, 2024-ல், மருத்துவக் கல்லூரிகளில் புதிதாகச் சேர்ந்த கறுப்பின மாணவர்கள் 11.6 சதவீதமும், லத்தீன் மாணவர்கள் 10.8 சதவீதமும், பூர்வகுடி மாணவர்கள் 22.1 சதவீதமும் குறைந்தார்கள். 2020-க்குப் பிறகு எண்ணிக்கை நன்றாக ஏறியிருந்த வேளையில் விழுந்த அடி இது.

அதே டேவிஸ் கல்லூரி இப்போது வேறு வழியில் போகிறது. குடும்ப வருமானம், பெற்றோரின் படிப்பு, வளர்ந்த ஊரில் மருத்துவ வசதி இருந்ததா, படிக்கும்போது வீட்டுக்குச் சம்பாதித்துக் கொடுத்தாரா என்பதையெல்லாம் சேர்த்து, ஒவ்வொரு விண்ணப்பதாரரும் எவ்வளவு மேட்டை ஏறி வந்தார் என்று மதிப்பெண் போடுகிறது. இனத்தைப் பார்க்காமலே நாட்டின் பன்மைமிக்க மருத்துவக் கல்லூரிகளில் ஒன்றாக நிற்கிறது. ஓக்லஹோமாவில் செரோக்கி பூர்வகுடி மக்களின் நிலத்திலேயே 2020-ல் ஒரு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். முதல் அணி 2024-ல் பட்டம் பெற்று வெளியே வந்தது. பிள்ளைகள் ஊரைவிட்டு வரத் தயங்கினால் கல்லூரி ஊருக்குப் போகட்டும் என்ற முடிவு எனக்கு மிகவும் பிடித்தது.

சேர்க்கை விதி மாறியதும் செய்தி வருகிறது, எண்ணிக்கை வருகிறது. தயாரிப்புப் பணிக்கான காசு வெட்டப்படும்போது அப்படி வருவதில்லை. பின்தங்கிய மாணவர்களை மருத்துவத் துறைக்குத் தயார் செய்யும் மத்திய அரசுத் திட்டம் ஒன்றின் நிதி 2006-ல் சுமார் 3.5 கோடி டாலரிலிருந்து ஏறக்குறைய 40 லட்சம் டாலராகச் சுருங்கியது. முதலாண்டு வேதியியல் வகுப்பில் இன்று உட்கார்ந்திருக்கும் பிள்ளை தனியாக நோயாளியைப் பார்க்கக் குறைந்தது 11 ஆண்டு ஆகும். அந்த வெட்டினால் வராமல் போன டாக்டர்களை எந்த ஆண்டின் பட்டியலில் தேடுவது?

கல்லூரிகள் நினைத்தால் ஒரு காரியம் உடனே செய்யலாம். செப்டம்பரில் எத்தனை பேர் டாக்டராக வேண்டும் என்று சொல்லி உள்ளே வந்தார்கள், அடுத்த மே மாதத்திலும் எத்தனை பேர் அதையே சொன்னார்கள் என்ற இரண்டு எண்களையும், எந்தப் பள்ளியிலிருந்து, எந்த வீட்டிலிருந்து வந்தவர்கள் என்ற விவரத்தோடு, ஒவ்வோர் ஆண்டும் வெளியிடட்டும். அக்டோபர் மாதத்தில் ஒரு படிவத்தை நிரப்பிப் பாடத்தை மாற்றிக்கொண்டு போகும் பதினெட்டு வயதுப் பிள்ளையை இப்போதைக்கு எந்த வழக்கமான அறிக்கையும் எண்ணுவதில்லை.